யாரைத் தூக்குறீங்க?

அந்த பிசியோதெரபி கிளினிக்கில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது. வலிக்கிற இடம்தான் பெயர். "மேடம், இடுப்பு வந்தாச்சு. கழுத்து லேட்டாத்தான் வருமாம். முட்டி வெளியில டீ குடிச்சிட்டிருக்கு" என்று வரவேற்பு மேசைப் பெண் வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு: ரேடியோ. அணைத்து வைக்க வழியில்லாததால் வந்த பெயர். நோயாளிகள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. கொஞ்ச நாள் போனால் அவர்களே போன் செய்து, "நான் குதிகால் பேசறேன், நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படித்தான் தோள்பட்டை அக்காவும் தோள்பட்டை அக்கா ஆனாள். நாற்பதைத் தாண்டியவள். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. அதனால் கூந்தலைக் கழுத்தோரமாகத் தாழ்த்தி முடிந்திருப்பாள். அதிகம் பேசமாட்டாள். சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்வாள்.

அவளைக் கவனித்துக்கொண்டது சின்ன மேடம். கிளினிக்கின் முதலாளி பெரிய சார். அவரிடம் வேலை பார்க்கும் இளைய பிசியோதெரபிஸ்ட் என்பதால் இவள் சின்ன மேடம். தோளுக்கு வருகிறவர்களிடம் மட்டும் இவள் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வாள் என்பது ரேடியோ உட்பட எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பது யாருக்கும் தெரியாது.

சுவரில் ஒரு மர ஏணி பதித்திருந்தது. கால் வைத்து ஏறும் ஏணி அல்ல, விரல் ஏணி. சுட்டுவிரலும் நடுவிரலும் சின்னச் சின்னப் படிகளில் மாறி மாறி ஏறவேண்டும், கை பின்னாலேயே வரும். ஏணிக்குப் பக்கத்தில், முன்பு எதையோ மாட்டியிருந்த ஆணி ஒன்று வெறுமனே நின்றது. தோள்பட்டை அக்காவின் விரல்கள் வெள்ளிக்கிழமை அந்த ஆணிக்குக் கிட்டே போய்விடும். திங்கட்கிழமை பார்த்தால் கை மறுபடியும் இடுப்பில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"சனி ஞாயிறு அப்படி என்னதான் பண்றீங்கக்கா? நான் ஏத்தி விடறேன், நீங்க இறக்கிட்டு வர்றீங்க."

"வீட்ல ஒரு பெரிய உருப்படி இருக்கு மேடம். தூக்கிப் படுக்க வைக்கணும்."

"படுக்கையில இருக்காரா? மாமனாரா?"

"ம்" என்றாள் அக்கா. அந்த 'ம்' எந்தக் கேள்விக்கு என்று சின்ன மேடம் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கவாதம் வந்த கிழவர் ஒருவரை அவளே மனதில் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள்.

ஆகவே ஒரு திங்கட்கிழமை, சுடு ஒத்தடமெல்லாம் முடிந்த பிறகு, தரையில் பாயை விரித்துத் தானே மல்லாந்து படுத்துக்கொண்டாள். "நான்தான் உங்க உருப்படின்னு வச்சுக்கங்க. எப்படித் தூக்குவீங்களோ அப்படியே தூக்குங்க. எங்க தப்புப் பண்றீங்கன்னு பாத்துச் சொல்றேன்."

"நீங்களா? ஒரு கைப்பை கனம் இருப்பீங்களா மேடம்?" என்று சிரித்தபடி அக்கா பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தது.

அப்புறம் அந்தக் கைகள் வேலையைத் தொடங்கின. முதலில் சின்ன மேடத்தின் முகத்தை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பின. கட்டைவிரல் உதட்டோரத்தை ஒரு தடவை துடைத்தது. ஒரு கை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மிதிபடாத தூரத்தில் சுவரோரமாக வைத்தது. வெள்ளைக் கோட்டின் பைக்குள் போய்ச் சாவிக்கொத்தையும் போனையும் எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தது. கால் செருப்பைக் கழற்றியது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அக்கா அவள் அக்குளுக்குள் வலது தோளைக் கொடுத்து, "ம்ம், எழுந்திருங்க, எழுந்திருங்க, அவ்வளவுதான்" என்று வேறு யாருக்கோ சொல்கிற குரலில் சொன்னாள்.

சின்ன மேடம் எழுந்திருக்கவில்லை. கூரை மின்விசிறி கண்ணாடியில்லாத கண்ணுக்கு ஒரு வெள்ளைக் கறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறவர் பையில் வீட்டுச் சாவி எதற்கு? வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடாமல் முகத்தை எதற்குத் திருப்ப வேண்டும்?

அதைவிட மோசம், தலைக்கடியில் ஒரு தலையணை வரும் என்று அவள் கழுத்து தானாகக் காத்திருந்தது. சின்ன வயதில் அது அவளுடைய வேலை. சாயங்காலம் அப்பா வாசற்படியைத் தாண்டி உள்ளே விழுவார். அம்மா இதே வரிசையில் எல்லாம் செய்வாள். முகத்தைத் திருப்புவாள், வாயைத் துடைப்பாள், சாவியை எடுப்பாள். பக்கத்தில் இவள் தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அம்மா தலையை உயர்த்தியதும் சட்டென்று கீழே நுழைக்க வேண்டும். தாமதமானால் அம்மா, "தூங்கறியா?" என்பாள். வேறு பேச்சு இருக்காது.

அந்த நிமிடத்தில் அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. படுத்தபடியே, வழக்கமான குரலில், கேட்டுவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாராக்கா?"

கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே அங்கே இருப்பது ஒரு பச்சைத் திரை. திரையை இழுத்துவிட்டால் சுவர் எழுந்துவிட்டது போலத்தான் அந்தக் கிளினிக்கில் எல்லாரும் பேசுவார்கள். எங்கே வலிக்கிறது, எப்போது மலம் கழித்தீர்கள், எல்லாமே திரைக்கு இந்தப் பக்கம் ரகசியம்தான். பக்கத்துக் கட்டிலில் முட்டியம்மா இருந்தாள். தோள்பட்டை அக்காவின் அதே கட்டிடத்தில் மேல்மாடிக்காரி. மூச்சு விடாமல் பேசுகிறவள். இவ்வளவு நேரமும் தன் மருமகளின் சமையலைப் பற்றி ரேடியோவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அந்த மௌனம் திரையைத் தாண்டி வந்து அக்காவின் முகத்தில் அறைந்தது. சின்ன மேடம் அதைப் பார்த்தாள். பார்த்த பதற்றத்தில் இன்னும் கெடுத்தாள். எழுந்து உட்கார்ந்து, "இல்லக்கா, குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னே ஒரு கூட்டம் நடக்குது. நம்பர் தரேன், போய்ப் பாருங்க. நிறைய பேருக்கு நல்லாயிருக்காம்" என்று எப்போதோ ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்த சுவரொட்டியைப் பாடம் மாதிரி ஒப்பித்தாள்.

"அவருக்கு முதுகுவலி மேடம்" என்றாள் அக்கா, திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி. "குனிய முடியாது. அவ்வளவுதான்." கைப்பையை எடுத்தாள். போகும்போது, தரையிலிருந்த கண்ணாடியை எடுத்து சின்ன மேடத்தின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

"நமக்கு எலும்பும் தசையும்தான்மா" என்றார் பெரிய சார். நல்ல மனிதர், வம்பென்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். "அதுக்கு மேல கையை வச்சா நம்ம கைதான் சுளுக்கும்."

"அந்தத் தோள் ஏன் இறங்குதுன்னு தெரியாம நான் எதை சார் ஏத்தறது?"

அவர் கணுக்கால் ஒன்றைப் பார்க்கப் போய்விட்டார். பதில் சொன்னது முட்டியம்மாதான். அவளுக்கு ஒத்தடம் வைத்தபோது கேட்காமலேயே சொன்னாள்.

"எங்க கட்டிடத்துல எல்லாருக்கும் தெரியும், கண்ணு. படிக்கட்டுல அந்த ஆள் கிடந்தா நாங்க தாண்டித்தான் போறோம். அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. எங்களுக்குத் தெரியாதுன்னு அவ நினைச்சுக்குவா, அவ நினைக்கிறது எங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க இருப்போம். அது ஒண்ணுதான் அவளுக்கு மிச்சம் இருந்துச்சு. நீ போட்டு உடைச்சிட்ட." பிறகு, "நானும் வாயை மூடியிருக்கக் கூடாது. அந்த நேரம் பாத்து ஏதாவது உளறியிருக்கணும்" என்றாள்.

ரேடியோ போனைக் கையில் எடுத்து, "வீட்டு நம்பர் இருக்கு மேடம், கூப்பிட்டு வரச் சொல்லட்டா?" என்றாள். சின்ன மேடம் ரிசீவரைப் பிடுங்காத குறை. எடுப்பது அந்த ஆளாக இருந்தால்?

தான் அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாளும் போனதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்படியிருக்கும் என்றே தெரியாத ஓர் இடத்துக்கு, வழி சொல்கிற மாதிரி கையை நீட்டியிருக்கிறாள். ஒரு களிம்பைக்கூட அவள் தன் கையில் தடவிப் பார்க்காமல் யாருக்கும் தடவ மாட்டாள்.

வெளியாட்களும் வரலாம் என்று வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறை. சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். பெரியவர்கள் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இதெல்லாம் நாளைக்கு நம்மிடம்தான் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தொழில்புத்தி ஓடியது. வாசலில் ஒரு பெண் நின்று, வருகிறவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அங்கே பெயர் கேட்பதில்லை. எல்லாரும் அவளைக் கதவக்கா என்றார்கள்.

"நான் பிசியோதெரபிஸ்ட். ஒரு பேஷண்டுக்காக வந்தேன்."

"இங்க யாரும் தனக்காக வந்ததா சொன்னதில்ல" என்றாள் கதவக்கா. "உக்காருங்க."

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கதவுக்கு முகம் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் வந்தால் தோள் தூக்கிக்கொண்டது. மனைவி குடிக்கிற ஒருவர் பேசினார். வீட்டில் எந்த டம்ளரையும் மோந்து பார்க்காமல் வைக்கமாட்டாராம். "இப்ப ஆபீஸ்லயும் பழக்கமாயிடுச்சு. போன வாரம் மேனேஜர் காபியை மோந்துட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தன் காலையே பார்த்துக்கொண்டு அழுதார். யாரும் தண்ணீர் கொண்டு ஓடவில்லை, 'அழாதீங்க' என்று சொல்லவில்லை. காத்திருந்தார்கள். குடிக்கிறவரை எப்படி நிறுத்துவது என்று அங்கே ஒருவரும் சொல்லித்தரவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

முடிந்த பிறகு, யார் எவர் என்று சொல்லாமல், நடந்ததைக் கதவக்காவிடம் சொன்னாள்.

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"கட்டில்கிட்ட. திரை போட்டிருந்துச்சு."

கதவக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "திரையா! கதவு இருக்கிற ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. 'குடிக்கிறாரா'ன்னு கேட்டா அது அந்த ஆளைப் பத்தின கேள்வி. நாங்க உடனே வக்கீலா மாறிடுவோம். 'வீட்ல யாராவது குடிக்கிறதால உங்களுக்குக் கஷ்டமா இருக்கா'ன்னு கேளுங்க. அது அவளைப் பத்தினது. நம்பரைக் கையில திணிச்சு அனுப்பாதீங்க, அது கைப்பைக்குள்ளயே கிடந்து செத்துப்போகும். சரின்னா, அங்கயே பக்கத்துல உக்காந்து எனக்குப் போன் போட்டுக் குடுங்க. மாட்டேன்னா விட்டுடுங்க. இன்னொரு நாள் வரட்டும்." சொல்லிவிட்டு, கதவைத் திறக்கப் போனவள் நின்றாள். "உங்க வீட்ல யாரு?"

"அப்பா" என்றாள் சின்ன மேடம். தன் வாயில் அது இவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே திடுக்கென்றது. "ஆனா அவர் போய் எவ்வளவோ வருஷமாச்சு."

"அதனால என்ன? அடுத்த வாரம் வாங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவின் தோள் ஞாபகம் வந்தது. துணி உலர்த்தும் கொடியை அம்மா ஆண்டுக்கு ஆண்டு தாழ்த்திக் கட்டிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் போர்வைகள் தரையைக் கூட்டின. எத்தனையோ டாக்டர்கள் பார்த்தார்கள். மாத்திரை தந்தார்கள், ஊசி போட்டார்கள், 'கனமா எதையும் தூக்காதீங்க' என்றார்கள். யாரைத் தூக்குறீங்க என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தோளைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் இவள் இந்தப் படிப்பில் சேர்ந்தாள். படித்து முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள்.

கிளினிக்கின் பின்னால் உடற்பயிற்சிப் பந்துகள் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. பெரிய சாரின் அறையை விட்டால் அங்கே மட்டும்தான் கதவு இருந்தது. சின்ன மேடம் அதைக் காலி செய்து இரண்டு நாற்காலி போட்டாள். பந்துகள் நடைபாதைக்கு வந்தன. பெரிய சார் ஒரு நீலப் பந்தைக் காலால் ஒதுக்கியபடி, "இதுங்க இனிமே எங்கம்மா குடியிருக்கும்?" என்றார்.

"உங்க ரூம்ல சார்."

அவர் முணுமுணுத்தார், ஆனால் ஒன்றை உருட்டிக்கொண்டு போனார்.

தோள்பட்டை அக்காவை அவள் ஒரே ஒரு முறை தெருவில் பார்த்தாள். காய்கறிப் பை இடது கையில், வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு. அக்கா இவளைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். சின்ன மேடத்துக்குக் கால் முன்னே போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டாள். கடைக் கண்ணாடிக்குள் எதையோ பார்ப்பது போல நின்று, அவள் போகட்டும் என்று விட்டாள். அதைவிடக் கஷ்டமான பயிற்சியை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு நாள் ரேடியோ வாசலிலிருந்து வழக்கம்போலக் கத்தாமல், உள்ளே வந்து, தணிந்த குரலில் சொன்னாள். "மேடம், தோள்பட்டை."

முட்டியம்மாதான் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். சின்ன மேடம் திரை இருக்கும் பக்கம் பார்க்கவே இல்லை. நேரே அந்த அறைக்கு அழைத்துப்போனாள். முட்டியம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் வெளியில இந்தப் பந்துங்களோட பேசிட்டிருக்கேன்" என்று கதவை அவளே சாத்தினாள்.

அக்கா மெலிந்திருந்தாள். முடியை முடியக்கூட இல்லை, ஒரு ரப்பர் வளையத்துக்குள் அடக்கியிருந்தாள்.

"அவர் போயிட்டார் மேடம்."

சின்ன மேடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். அதை அவள் அந்தப் பள்ளிக்கூட அறையில் பழகியிருந்தாள்.

"விழுந்தெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரியிலதான். வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளா... கடைசியில அங்க வேலை பாக்கறவங்க நாலு பேர் வந்து கட்டில்லருந்து தூக்கினாங்க. நான் தூக்க வேண்டியதே இல்ல. சும்மா நின்னேன்." அவள் வலது கை மடியில் அசைந்தது. "அவங்க தலையைத் திருப்பவே இல்ல மேடம். நேரா மல்லாக்கப் போட்டுத் தள்ளிட்டுப் போனாங்க. 'முகத்தைத் திருப்புங்க, முகத்தைத் திருப்புங்க'ன்னு நான் பின்னாலயே ஓடறேன். அதுல ஒரு பொண்ணு, 'இனிமே அது தேவையில்லம்மா'ங்குது."

வெளியே ஒரு பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது. முட்டியம்மா யாரையோ, "அந்தப் பக்கம் போய்யா" என்று விரட்டினாள்.

"இப்ப தூக்க ஆளே இல்ல. ஆனா கை ஏறல. சாயங்காலமானா வாசலுக்குப் போயிடறேன். செருப்புச் சத்தம் கேட்டா இந்தத் தோள் தானா முன்னால போகுது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு நீங்க சொன்னப்பவே அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தா அவர் இருந்திருப்பாரா?"

இதற்கு ஒரு நல்ல பொய் சொல்லலாம். இருந்திருப்பார் என்றும் சொல்லலாம், இருந்திருக்க மாட்டார் என்றும் சொல்லலாம். சின்ன மேடத்தின் நாக்கில் இரண்டுமே வந்து நின்றன.

"தெரியாதுக்கா. அது அவரை மாத்துற இடம் இல்ல. நான் அன்னிக்கு அது தெரியாமத்தான் சொன்னேன். திரை வேற. மன்னிச்சிடுங்க."

அக்கா அதை ஏற்றுக்கொண்டாளா என்று முகத்தில் தெரியவில்லை. "இனிமே நான் அங்க போக முடியாதில்ல?" என்றாள். "அவர்தான் இல்லையே. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது? சேர்த்துக்க மாட்டாங்க."

"எங்கப்பாவும் குடிப்பார்க்கா" என்றாள் சின்ன மேடம். "எங்கம்மாதான் தூக்குவாங்க. நான் தலையணை பிடிச்சிட்டு நிப்பேன். ரெண்டு பேருமே இப்ப இல்ல. நான் ஞாயிற்றுக்கிழமை அங்கதான் போறேன். என்னைச் சேர்த்துக்கிட்டாங்க."

அக்கா அவளையே பார்த்தாள். அன்று தரையில் படுத்திருந்தவளை இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி, அவள் கோட்டின் கையோரத்தை ஒரு தடவை நீவிவிட்டாள்.

"போன் போடட்டுமா? இப்பவேவா, இன்னொரு நாளா?"

அக்கா நாற்காலியை அவள் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சின்ன மேடம் நம்பரைப் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடிக்கும்போது, "நான் வெளியில இருக்கட்டுமா?" என்று கேட்டாள். அக்காவின் இடது கை மறுபடியும் அவள் கையோரத்தைப் பிடித்துக்கொண்டது. மறுமுனையில் கதவக்காவின் குரல் கேட்டதும் போனை அக்காவிடம் கொடுத்தாள். வலது கை பழக்கத்தில் வாங்கிக்கொண்டு, காது வரை ஏற முடியாமல், மார்பளவில் நின்றுவிட்டது. சின்ன மேடம் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, வலிக்காத அளவுக்குத் தாங்கிக்கொண்டாள். மீதிக்கு அக்காதான் தலையைச் சாய்த்துக் குனிந்தாள்.

"ஹலோ" என்றாள். அங்கே பேர் சொல்ல வேண்டாம் என்றிருப்பார்கள் போலிருக்கிறது, தலையை ஆட்டினாள்.

"நான்... தோள்பட்டை பேசறேன்" என்றாள்.

மறுமுனையில், வீட்டில் யார் என்று கேட்டார்கள். அக்காவின் கனம் முழுக்க மெல்ல மெல்ல சின்ன மேடத்தின் உள்ளங்கையில் இறங்கிற்று.

"இல்லீங்க" என்றாள் அக்கா, அழுகைக்கு நடுவே. "இப்ப யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்."